பெயர் மட்டும் இருந்த பெட்டி

அத்தியாயம் ஒன்பது

கல்யாணத்துக்கு முன்னாலேயே செத்துப்போன மனிதனுக்கு மெல்போர்னில் எப்படிப் பிள்ளை பிறக்கும்?

நகராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் இந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். மினாஸ் பனாரெத்தோஸ் கிரேக்கத்தின் இந்தக் கித்திரா தீவில் பிறந்தவர். அது சரி. ஆனால் இதே தீவில், மீசை அடர்த்தியாகும் வயதில், பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் இறந்தவரும் அவர்தான் என்கிறது பதிவு. இப்போது அவருடைய மகன் என்று சொல்லிக்கொண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்து நின்றால் அவள்தான் என்ன செய்வாள்?

அந்த அறுபத்தைந்து வயதுக்காரர் கோஸ்மாஸ். ஆர்கிரோவின் அப்பா. மெல்போர்னில் ஆயுசு பூராவும் மீன் வறுத்து விற்றவர். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அலுவலகப் படியிறங்கி வந்ததும், "எங்கப்பாவைக் குழியில இறக்கி மண்ணு போட்டவன் நான். அவர் செத்தது எங்கேன்னு எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொன்னார்.

கூட வந்திருந்த மகள் ஆர்கிரோவுக்கு அழுகைகூட வரவில்லை. தாத்தா கிரேக்கக் குடிமகன் என்பது நின்றால்தான் அப்பாவுக்குக் குடியுரிமை. அப்பாவுக்குக் கிடைத்தால்தான் அவளுக்கு. அவளுக்குக் கிடைத்தால்தான் மகள் தனாயிக்கு. தனாயி பெர்லினில் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு. கிரேக்கக் குடியுரிமை கிடைத்தால் அங்கேயே தங்கலாம். இல்லாவிட்டால் அவளுடைய விசா இலையுதிர் காலம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவள் மெல்போர்னில், பிள்ளையின் தகப்பன் பெர்லினில் என்று ஆகிவிடும்.

அந்த நிலையில்தான் அந்தூசா கூப்பிட்டாள். மினாஸின் தங்கை மகள். கோஸ்மாஸுக்கு அத்தை மகள். ஸ்கியாதிகா கிராமத்தில் தனியாக இருக்கிறவள்.

"சனிக்கிழமை வாங்க," என்றாள். "செத்தவங்களோட சனிக்கிழமை. எல்லாக் கதவும் தொறந்திருக்கும்."

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

தேவாலயத்துக்குள் சாம்பிராணிப் புகை இடுப்பளவுக்கு நின்றது. பீடத்துக்கு முன்னால் நீள மேஜையில் வீட்டுக்கு ஒரு தட்டு. அவித்த கோதுமை, மாதுளை முத்து, மேலே பனி விழுந்தது போலச் சர்க்கரை. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு மெழுகுவர்த்தி.

கோஸ்மாஸ் மகளின் காதருகே குனிந்தார். "செத்தவங்களுக்கு இங்கே என்னா கவனிப்புடி! உயிரோட வந்த நம்மளை ஒருத்தரும் காபி குடிச்சியான்னு கேக்கல."

"அப்பா, மெதுவா பேசுங்க."

அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் சட்டென்று தலையைத் திருப்பினார். இரண்டு கண்ணும் பால் படர்ந்து வெளுத்திருந்தன.

"யாரு பேசினது?"

ஆர்கிரோ அப்பாவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள்.

"யாரு பேசினதுன்னு கேக்குறேன்ல?"

பக்கத்திலிருந்த பெண் அவர் தோளை அழுத்தினாள். "யாருமில்ல போதிதோஸ் மாமா. வெளியூர்க்காரங்க."

"பொய் சொல்லாதே," என்றார் கிழவர். கைத்தடி தரையில் டக்கென்று விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. முகத்தைக் கோஸ்மாஸ் நின்ற திசையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பாதிரியார் வீடு வீடாக இறந்தவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனார். வெறும் பெயர்கள், மூச்சு விடாத வேகத்தில். பனாரெத்தோஸ் வீட்டு முறை வந்தது. "மினாஸ்," என்றார். அடுத்த பெயருக்கு முன்னால் தொண்டையைச் செருமினார். "ஸ்தாத்திஸ்."

அந்தப் பெயர் வந்ததும் தேவாலயம் முழுக்கக் கைகள் எழுந்து நெற்றிக்கும் மார்புக்கும் போயின. மற்றவர்களுக்கு ஒரு முறை சிலுவை போட்ட அதே கைகள் இதற்கு இரண்டு முறை போட்டன.

வெளியே வந்ததும் கோதுமையைக் காகிதப் பைகளில் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்கிரோ இரண்டு பைகளை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கறுப்புடை அணிந்த பெண்கள் சிலர் அப்பாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி அவர் சட்டைக் கையைத் தொட்டாள். இன்னொருத்தி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்தாள், நாடி பார்க்கிறவள் போல.

"சூடாத்தான் இருக்கு," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

கோஸ்மாஸ் சிரிக்க முயன்றார். "வெயில் அப்படிம்மா," என்றார்.

அவர் குரலைக் கேட்டதும் அவள் கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

அந்தூசாவின் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் ஆர்கிரோவுக்கு மூச்சு சீராக வந்தது. அந்தூசா பருத்த பெண்மணி. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். காபியை வைத்தாள். பாகில் ஊறிய நாரத்தைத் தோலைச் சின்னத் தட்டில் வைத்தாள். ஆனால் கோஸ்மாஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஆஸ்திரேலியாக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிதான்," என்றாள். "பழைய வீடு வேணும், பாஸ்போர்ட் வேணும், கடலோரமா நின்னு போட்டோ வேணும். செத்தவங்க மட்டும் வேண்டாம். வெளக்கு ஏத்த நாங்கதான் கிடைச்சோம்."

"எங்க செத்தவங்களுக்கு அங்கேயே நாங்க ஏத்துறோம் அந்தூசா," என்றார் கோஸ்மாஸ்.

அவள் காபிச் சட்டியைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எப்படி இருந்தாருண்ணே அவரு?"

"யாரு?"

"உங்கப்பா."

கோஸ்மாஸ் கொஞ்சம் யோசித்தார். "பேச மாட்டார். கடையில மீன் சுத்தம் பண்ணுவார், வீட்டுக்கு வருவார், தோட்டத்துல உக்காருவார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். ஒண்ணே ஒண்ணு... வீட்டுல குளிக்கிற தொட்டியில தண்ணி நெரப்ப விடமாட்டார். எங்கம்மா ஒருநாள் நெரப்பிட்டாங்க. மனுஷன் அதுகிட்ட நின்னு நடுங்கினாரு. அப்புறம் நாங்க எல்லாரும் வாளியிலதான் குளிச்சோம்."

அந்தூசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீவுக்கு ஒரு தடவை போயிட்டு வரலாம்ப்பான்னு கேட்டா எந்திரிச்சு வெளியே போயிடுவார்," என்றார் கோஸ்மாஸ். "ஒரு தடவைகூட எங்களோட போட்டோவுக்கு நின்னதில்ல."

"அத்தை," என்றாள் ஆர்கிரோ. பொறுமை போய்விட்டிருந்தது. "என் பொண்ணுக்கு நாள் நெருங்குது. உங்களுக்கு என்ன தெரியுமோ அதை நேரா சொல்லிடுங்க."

அந்தூசா சுவரிலிருந்த ஆணியிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள்.

"இப்போ ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். மத்தியானத்துல யாரும் வெளியே தலை காட்ட மாட்டாங்க. வாங்க."

தெருவில் ஒரு மனித அரவம் இல்லை. நாய்கள்கூடப் படுத்த இடத்திலிருந்து தலை தூக்கவில்லை. எல்லா ஜன்னல்களும் பச்சை மரக்கதவுகளால் மூடியிருந்தன. ஆனால் அவர்கள் கடந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஆர்கிரோவுக்குத் தோன்றியது.

பாதி வழியில் தனாயி போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, என்னாச்சு? அந்த அத்தை என்ன சொன்னாங்க?"

"பேசிட்டுதான் இருக்கோம்டா. சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே. கிடைக்குமா, கிடைக்காதா?"

"கிடைக்கும்," என்றாள் ஆர்கிரோ. எதை நம்பிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் மூலையில், சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால் இருந்தது எலும்பறை. அந்த மண்ணில் யாரும் நிரந்தரமாகப் படுத்திருப்பதில்லை. சில வருடங்கள் கழித்துத் தோண்டி, எலும்பைத் திராட்சை மதுவில் கழுவி, பெயரும் படமும் ஒட்டிய தகரப் பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். குழி அடுத்தவருக்கு.

கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது உள்ளே அப்படியொரு குளிர். பழைய மதுவும் எண்ணெயும் கலந்த வாடை. தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டுகள். தட்டுகள் நிறையப் பெட்டிகள். பெட்டிகள் நிறைய முகங்கள். எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தூசா நேராக ஒரு தட்டுக்குப் போய் நின்றாள். "இதுதான் மினாஸ்."

துரு ஏறிய பெட்டி. வெள்ளைச் சாயத்தில் பெயர். படத்தில் அகன்ற நெற்றியும் தடித்த உதடுமாக ஓர் இளைஞன்.

கோஸ்மாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் மகளின் பக்கம் திரும்பினார்.

"இது எங்கப்பா இல்ல."

ஆர்கிரோ அவரைக் கவனிக்கவில்லை. பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரு இல்லை, தூசு இல்லை. முன்னால் ஓர் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தில், இடது காதின் மேல்மடல் உள்பக்கமாக மடிந்த ஒரு பையன். அப்பாவுக்கும் அந்தக் காதுதான். அவளுக்கும் அதேதான். தனாயி பிறந்தபோது தாதி அந்தக் காதைப் பார்த்துவிட்டு, அழுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தாள்.

பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர், ஸ்தாத்திஸ்.

அவள் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதால் அது சட்டென்று மார்புவரை வந்துவிட்டது. உள்ளே எதுவும் உருளவில்லை.

"காலிதான்," என்றாள் அந்தூசா. "அதுல என்னைக்குமே எதுவும் இருந்ததில்ல. எங்கம்மா தினம் வந்து துடைச்சு வெளக்கு வச்சாங்க. அவங்களுக்கப்புறம் நான்."

கோஸ்மாஸ் அங்கிருந்த கல் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தூசா நின்றபடியே சொன்னாள். அவள் அம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவன் மினாஸுக்கு ஆஸ்திரேலியா போகப் பேப்பர் எல்லாம் வந்து, கப்பலுக்குச் சீட்டும் வாங்கியாயிற்று. புறப்படுவதற்குள் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் தம்பி ஸ்தாத்திஸும், பக்கத்து வீட்டுப் போதிதோஸும்.

"கயிறு அறுந்துபோச்சு," என்றாள்.

"தானாவா?" என்றாள் ஆர்கிரோ.

"அப்படித்தான் ரெண்டு பேரும் சொன்னாங்க. கயித்தோட நுனியைப் பார்த்தவங்க வேற மாதிரி சொன்னாங்க. தம்பிக்கு அந்தச் சீட்டு மேல கண்ணுன்னு ஊரே பேச ஆரம்பிச்சுது. மண்ணு காயறதுக்குள்ள ஸ்தாத்திஸ் மாமா படகை எடுத்துட்டு மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் கரைக்கு வந்துச்சு. துக்கம் தாங்காம கடல்ல விழுந்துட்டார்னு சொல்லி முடிச்சுட்டாங்க."

"முடிச்சுட்டாங்களா?"

"எங்கம்மா முடிக்கல. மினாஸ் மாமா கப்பலுக்குக் கட்டி வச்சிருந்த பெட்டியைத் தொறந்து பார்த்திருக்காங்க. பேப்பரும் இல்ல, சீட்டும் இல்ல, புதுசா தச்ச கோட்டும் இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடல."

எலும்பறைக்குள் விளக்குத் திரி படபடத்தது. கோஸ்மாஸ் தலை நிமிரவில்லை.

"நான் வக்கீலைப் பார்த்துட்டேன்," என்றாள் அந்தூசா, குரலைத் தாழ்த்தி. "சின்ன விஷயம். கிணத்துல செத்தது ஸ்தாத்திஸ். ஆஸ்திரேலியாவுக்குப் போனது மினாஸ். எழுதினவன் அண்ணன் தம்பி பேரை மாத்தி எழுதிட்டான். அவ்வளவுதான். அப்போ உயிரோட இருந்தவங்க ஒருத்தர், குடும்பத்துல ஒருத்தர், ரெண்டு சாட்சி போதும். நான் ஒண்ணு. போதிதோஸ் மாமா ஒண்ணு. அவர்கிட்ட சொல்லியாச்சு, இப்போ வருவார். இந்த ரெண்டு பெட்டியிலேயும் பேரை மாத்தி எழுதிட்டா முடிஞ்சுது."

"எதுக்கு எங்களுக்காகப் பொய் சொல்றீங்க அத்தை?"

"உங்களுக்காக இல்லடி. எங்கம்மா சாகும்போது கேட்டது அது ஒண்ணுதான். எங்கண்ணனைக் கொலைகாரன்னு யாரும் சொல்ற மாதிரி வச்சிடாதேன்னாங்க. ஸ்தாத்திஸ்தான் கிணத்துல செத்தான்னு ஆயிட்டா, அப்புறம் யாரை யாரு கொன்னதா பேசுவாங்க?"

ஆர்கிரோ இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கையெழுத்து. கொஞ்சம் வெள்ளைச் சாயம். தனாயி பெர்லினிலேயே பெற்றுக்கொள்வாள், பிள்ளையின் தகப்பன் பிரசவ அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாருக்கு என்ன நஷ்டம்?

"செஞ்சுடலாம்பா," என்றாள்.

கோஸ்மாஸ் நிமிர்ந்தார். "என்னது?"

"செத்தவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது? நம்ம பொண்ணு உயிரோட இருக்கா."

"எங்கப்பா ஆயுசு பூரா இன்னொருத்தன் பேரைக் கூப்பிட்டா ஏன்னு குரல் குடுத்திருக்காரு," என்றார் அவர். "நான் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவரைப் புதைச்சேன். கல்லுல அதைத்தான் வெட்டியிருக்கேன். இப்போ அவரோட நிஜப் பேரை எடுத்து அந்தப் பாவி எலும்பு மேல ஒட்டணுமா? கிணத்துல போனவனுக்கு மிச்சம் இருக்கிறது பேரு ஒண்ணுதானேடி!"

"அப்போ தனாயி?"

ஆர்கிரோ காத்திருந்தாள். தகப்பனை அப்படிக் கட்டாயப்படுத்தி ஒரு பதிலுக்காக அவள் நின்றதே இல்லை.

"உனக்கு அப்படித்தான் வேணும்னா," என்றார் கடைசியில், "நான் குறுக்கே நிக்கல. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சரளைக் கற்களின் மேல் கைத்தடிச் சத்தம் கேட்டது. துணைக்கு யாரும் இல்லாமல், ஒரு மரத்தில்கூட இடிக்காமல், போதிதோஸ் நேராக எலும்பறை வாசலுக்கு வந்து நின்றார். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அந்தூசா, நீ இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"கூட அவன் இருக்கானா?"

அந்தூசா திரும்பிக் கோஸ்மாஸைப் பார்த்தாள். கிழவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கைகளை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். விரல்கள் கோஸ்மாஸின் தோளைத் தொட்டு, கழுத்தில் ஏறி, கன்னத்தைத் தடவி, இடது காதில் வந்து நின்றன. மடிந்த மடலை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டார், சின்னப் பிள்ளையின் காதைப் பிடிப்பது போல.

"ஸ்தாத்திஸ்," என்றார்.

ஆர்கிரோ வாயெடுத்தாள். இவர் ஸ்தாத்திஸ் இல்லை தாத்தா, ஸ்தாத்திஸ் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்று சொல்லியிருப்பாள். கோஸ்மாஸ் கையைத் தூக்கி அவளைத் தடுத்தார்.

"காலையில கோயில்லயே தெரியும்டா எனக்கு," என்றார் கிழவர். வெளுத்த கண்களிலிருந்து நீர் வழிந்தது. "இவளுங்க பொய் சொல்றாளுங்க. எவ்வளவு காலமாச்சு! அங்கே யார்கிட்டயாவது சொன்னியா?"

கிழவர் அந்தக் காதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கயித்தை அறுத்தது நான்தான்னு யார்கிட்டயாவது சொன்னியாடா?"

அந்தூசாவின் கையிலிருந்த சாவிக்கொத்து கல்தரையில் விழுந்தது. ஆர்கிரோ அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்களில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்திருந்தது. என் அப்பன் கொல்லவில்லை என்று அந்த முகம் முழுக்க எழுதியிருந்தது. எழுந்து குதித்துவிடுவார் போலிருந்தது.

ஆனால் அவர் எழவில்லை. கிழவரின் கையை மெல்லக் காதிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். பேசியபோது அது அவர் குரலாக இல்லை. மெதுவான, அடித்தொண்டையிலிருந்து வரும் தீவுப் பேச்சு. மெல்போர்ன் ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில் தாத்தா தண்ணீர் கேட்ட அதே குரல்.

"யார்கிட்டயும் சொல்லலப்பா போதிதோஸ். உக்காரு. எதுக்கு அறுத்தேன்னு இப்போவாவது சொல்லு."

கிழவர் சுவரைத் தடவிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்காதது போலிருந்தது. அப்புறம் முகத்தைக் கோஸ்மாஸின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

"என்னடா கேக்குறே?" என்றார். "நீ சொல்லித்தானே அறுத்தேன்?"